அடி வாங்கினால் பலம்

2004-இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கணினி விளையாட்டை அதன் பழைய ‘கிளாசிக்’ வடிவில், போர்வீரனாக ஆடுவது தனி ருசி. மந்திரவாதி நிறைந்த மந்திரசக்தியோடு சண்டைக்குப் போவான். வீரனின் பலமான ‘ரேஜ்’ எனும் சினத்தைக் காட்டும் பட்டையோ காலியாக இருக்கும். அடித்தால் ஏறும், அடிபட்டாலும் ஏறும்; உச்சம் 100. சண்டை ஓய்ந்தால் தானே வடிந்துவிடும். சேர்த்துவைக்க முடியாத செல்வம்!

புதியவர்கள் முதலில் பழக வேண்டியது, 4-ஆம் லெவலில் கிடைக்கும் ‘சார்ஜ்’. எட்ட நின்று எதிரி மேல் பாய்ந்தால், கொஞ்சம் ரேஜ் கையிலிருக்கும்போதே சண்டை தொடங்கும். ஆயுதம் பழசானால் வீரன் பாதி ஆள். காசு கிடைத்தால் முதலில் அதற்கே செலவழியுங்கள். மெதுவாக வீசும் இருகை ஆயுதத்தின் ஒவ்வொரு அடியும் கனமாக இறங்கும். காயமாற்றும் மந்திரம் வீரனிடம் இல்லை. முதலுதவியைக் கற்று, பையில் எப்போதும் கட்டுத்துணி வைத்திருங்கள். இரண்டு மூன்று எதிரிகளைச் சேர்த்து இழுக்காதீர்கள்.

10-ஆம் லெவலில் ‘டிஃபென்சிவ் ஸ்டான்ஸ்’ எனும் தற்காப்பு நிலை வந்ததும் ஆட்டமே மாறுகிறது. எதிரியைச் சீண்டித் தன் பக்கம் திருப்புவதே இனி வேலை. வாங்கிய அடியையே பலமாக்கித் தோழர்களைக் காக்கும் இந்த ஏற்பாட்டின் அழகு, ஐந்து பேர் குழுவாக நிலவறைக்குள் இறங்கும்போதுதான் முழுதாகப் புரியும்.