ஒரு பூவும் ஒரு பெயரட்டையும்

மார்செல் கார்னே இயக்கிய 'சொர்க்கத்தின் பிள்ளைகள்' ஜேர்மனிய ஆக்கிரமிப்புக் காலத்தில் படமாக்கப்பட்டு 1945இல் வெளியானது. அதைக் காதல் காவியம் என்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. மூன்று மணித்தியாலத்துக்கும் மேலான அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதுதான், யார் எங்கே இருக்கிறார் என்பதையும் அது விடாமல் கவனிப்பது விளங்கியது.

தலைப்பிலுள்ள சொர்க்கம் மறுமைக்குரியதல்ல. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாடகக் கொட்டகையில் ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த உச்சி மாடத்துக்கு அந்தப் பெயர். எங்கட தியேட்டர்களில் கலரி என்றால் திரைக்குக் கிட்ட, கீழே. அங்கே அது கூரைக்குக் கிட்ட. இடம்தான் வேறு, ஆட்கள் ஒன்றுதான்.

நாயகி கரான்ஸ் இரண்டு முறை பொலிஸில் மாட்டுகிறாள். முதலில் ஒரு கடிகாரத் திருட்டு. நடந்ததைக் கண்ட ஊமக் கலைஞன் பாப்டிஸ்ட் அதை அபிநயித்துக் காட்ட, கூட்டம் சிரிக்கிறது, அவள் தப்பிக்கிறாள். இரண்டாவது, கொலை முயற்சிக்கு உடந்தை என்ற சந்தேகம். இம்முறை அவள் சொல்லும் உண்மை எடுபடவில்லை. மொந்த்ரே பிரபுவின் பெயரட்டையை நீட்டுகிறாள். முதல் விடுதலைக்கு அவள் கொடுத்தது ஒரு பூ. இரண்டாவதற்குத் தன்னையே கொடுக்க வேண்டியதாயிற்று.

பிற்பகுதியில் அவள் பிரபுவின் துணைவி. முகத்திரையோடு வந்து, விலையுயர்ந்த ஆசனத்திலிருந்து பாப்டிஸ்டின் நாடகத்தைப் பார்க்கிறாள். பிரபுவோ அவளுடைய காதலையும் கேட்கிறான். பணக்காரராக இருந்துகொண்டு ஏழையைப் போல நேசிக்கப்படவும் வேண்டுமா, ஏழைகளிடமிருந்து எல்லாவற்றையுமா எடுப்பது என்ற கருத்துப்பட அவள் பதில் சொல்கிறாள். வசனம் எழுதிய கவிஞர் ஜாக் பிரெவேரின் நெஞ்சு அந்தப் பதிலில் இருக்கிறது.

ஆனால் எனக்கொரு மனக்குறை. பாப்டிஸ்டின் மனைவி நத்தாலியும் கொட்டகைக்காரிதான். பிரபு குலத்தவள் அல்ல. கரான்ஸ் பேசிய நியாயம் அவளுக்கும் உரியதல்லவா? பிள்ளையோடு நிற்கும் அவளைக் கடந்து கணவன் ஓடும்போது, பார்க்கிற நாமும் அவனோடு சேர்ந்து ஓடிவிடுகிறோம். அவளுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்த படம், பதிலைக் கொடுக்கவில்லை.

முடிவில் கரான்ஸ் குதிரை வண்டியில் போகிறாள். பாப்டிஸ்ட் கால்நடையாக, களியாட்டச் சனத்துக்குள் சிக்கித் தத்தளிக்கிறான். பிரபுவைக் கொன்றாயிற்று, ஆனால் வண்டிக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியேதான் கிடக்கிறது.