கட்டம் போட்ட சட்டை

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1961-இல் முதன்முதலாகக் கரிப்படுகை கண்ணுக்குத் தென்பட்ட நெய்வேலியில், வட்டம் வட்டமாகப் பகுத்த வீதிகளிலும் ஒரே சாயலான வீடுகளிலும் சுரங்கத்துச் சீருடையிலும் பழகிய ஒருவனுக்கு, தனக்கென்று ஒரு வஸ்திரத்தை ரசித்து வாங்குவது ஆடம்பரமாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. நானும் பல வருஷங்கள் வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறத்தைத் தொட்டவனல்லன். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற சங்கோசம் கடை வாசலிலேயே என்னை நிறுத்திவிடும்.

அந்தச் சங்கோசத்தைக் கரைத்தது, வடலூரைத் தாண்டினால் வரும் குறிஞ்சிப்பாடியின் கைத்தறி. கைலிக்குப் பேர்போன அவ்வூரில், பாவிலே ஒரு வர்ணமும் ஊடையிலே வேறொரு வர்ணமுமாக ஓடும் நூல்கள் குறுக்கிடும் இடத்தில், எந்தச் சாயத்தொட்டியிலும் தோயாத மூன்றாவது வர்ணம் ஒன்று உதிப்பதையும், நாடா பாயும் ஒவ்வொரு தடவையும் கட்டம் ஓர் இழை வளர்வதையும் பார்த்து நின்றபோது, இத்தனை நிதானமாக ஒருவர் தேர்ந்து கோத்த நிறத்தை உடுக்க நாம் ஏன் கூச வேண்டும் என்று தோன்றியது. வடலூர் வள்ளலாரின் சுபாவத்துக்கு வெள்ளாடை எத்தனை பொருத்தம்! என் சுபாவத்துக்கோ, கருநீலத்தில் அரக்குக் கட்டம்.

இரண்டரை மீட்டர் எடுத்துச் சட்டை தைத்துக்கொண்டேன். அவ்வழியே போகும் நண்பர்கள், வீட்டாருக்கு வாங்குவதோடு தமக்கென்றும் ஒரு துணி எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.