கண்டதும் கருதியதும்: எழுத்தாங்கிலத்தில் 'சீ' என்னும் வினை

முன்னுரை

கட்புலனைக் குறிக்கும் ஆங்கில வினைகளுள் 'லுக்' என்பது முயன்று நோக்குதலையும், 'வாட்ச்' என்பது நிகழ்வதைத் தொடர்ந்து கவனித்தலையும், 'சீ' என்பது கண்ணிற்பட்டு அறிதலையும் உணர்த்தும். தொடக்கப் பள்ளியிலேயே 'பார்', 'காண்' எனப் பொருள் கற்பிக்கப்படும் எளிய சொல்லாதலின் 'சீ' தனி ஆய்வுக்குரியதாகப் பெரிதும் எண்ணப்படுவதில்லை. ஆயினும் வரலாற்று நூல்களிலும் ஆய்வுரைகளிலும் சட்ட எழுத்துகளிலும் இவ்வினை கண்ணோடு நேர்த்தொடர்பற்ற பணிகள் பலவற்றை ஆற்றுகின்றது. அவற்றுள் ஒன்று, கருதிப் பெற்றதைக் கண்டு பெற்றது போலத் தோன்றச் செய்வதாகும். அப்பணியை இனங்காட்டி, ஆங்கில நூல்களைப் பயன்கொள்ளும் தமிழாய்வுக்கு அதனால் நேரும் இடர்ப்பாட்டைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பொருள்விரிவு பற்றிய கொள்கைகள்

புலன்வினைகளைப் பன்மொழி நோக்கில் ஆராய்ந்த ஓக்கெ விபெர்க் (1983), ஐம்புலன் வினைகளின் பொருள் விரிவடையும் முறையில் காட்சிக்கு முதலிடமும் கேள்விக்கு அடுத்த இடமும் அளித்தார். ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் ஆகியோர் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஆங்கிலப் பேச்சில் 'அறிதல் என்பது காண்டல்' என்னும் உருவகம் ஊடுருவி நிற்பதை விளக்கினர். ஈவ் ஸ்வீட்சர் (1990) இதனை இந்தோ-ஐரோப்பிய மொழிவரலாற்றோடு இணைத்தார். கிரேக்கத்தின் 'ஓய்தா', வடமொழியின் 'வேத', ஆங்கிலத்தின் 'விட்' ஆகிய அறிவுச்சொற்கள் யாவும் காண்டலைக் குறித்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சான்று எனப் பொருள்படும் 'எவிடென்ஸ்' என்பதும் காண்டலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்ததே.

இவ்வுருவகம் எல்லா மொழிக்கும் பொது என்னும் எண்ணத்தை நிக்கோலஸ் எவன்ஸ், டேவிட் வில்கின்ஸ் ஆகியோரின் ஆய்வு (2000) மறுத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் அறிதற்பொருள் பெரும்பாலும் கேள்வி வினையினின்றே விரிகின்றது என அவர்கள் நிறுவினர். எனவே, காண்டலை அறிவின் தலைவாயிலாகக் கொள்வது ஆங்கிலம் உள்ளிட்ட சில மொழிகளின் வழக்கேயன்றி மனித இயற்கை ஆகாது.

இவ்வாய்வுகள் பயன்மிக்கவையே. எனினும் இவற்றின் முதன்மை நோக்கு சொல்லின் பொருள்விரிவு ஆகும். எழுத்து வழக்கிலோ 'சீ' என்பதன் பொருளை வரையறுப்பதில் அதனை அடுத்து நிற்கும் தொடரமைப்புக்கும் அதன் எழுவாய்க்கும் பெரும் பங்குண்டு.

தொடரமைப்பும் அறிவின் தன்மையும்

ஒருவன் சாலையைக் கடந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் 'சீ' கொண்டு மூவகையாகக் கூறலாம். முதல் வகையில் கடத்தல் வினை உருபேற்காத வடிவில் நிற்கும். கடத்தல் தொடங்கி முடிந்தது முழுவதும் கண்ணுக்கு எட்டியது என்பது அதன் பொருள். இரண்டாம் வகையில் அவ்வினை 'இங்' ஈறு பெறும். நிகழ்ச்சியின் இடைப்பகுதி மட்டும் கண்ணிற்பட்டிருக்கலாம். அவன் மறுபக்கம் சேர்ந்தானா என்பதற்கு இத்தொடர் பொறுப்பேற்பதில்லை. மூன்றாம் வகையில் 'தட்' என்னும் இணைப்புச்சொல்லை அடுத்து முழுவாக்கியம் வரும். அவன் கடந்ததைக் கூறுவோர் கண்டிருக்க வேண்டுவதில்லை. மறுபக்கத்தில் ஈரக் காலடிச்சுவட்டைக் கண்டு அவ்வாறு உணர்ந்திருப்பினும் தொடர் பொருந்தும்.

மெய்யியலாளர் ஜான் பார்வைஸ் 1981இல் எழுதிய கட்டுரையில் முதல் வகைத் தொடரின் தனித்தன்மையை விளக்கினார். கண்டவருக்குத் தாம் கண்டது யாரை என்பது தெரியாதபோதும் அத்தொடர் உண்மையாகலாம். மூன்றாம் வகையோ கண்டவரின் அறிவைச் சார்ந்தது.

தமிழ் அளவைமரபில் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. மணிமேகலையில் அளவைவாதி காண்டலையும் கருதலையும் வேறுவேறு அளவைகளாக எண்ணுகின்றான். சிவஞான சித்தியார் பல்வேறு அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. புகையைக் காண்பது காண்டல். அதனால் நெருப்புண்மையை உணர்வது கருதல். ஆங்கிலத்தின் முதல் இரு தொடர்வகைகளும் காண்டலின்பாற் படும். மூன்றாம் வகை கருதலுக்கும் இடமளிக்கும். வினைச்சொல்லோ மூன்றற்கும் ஒன்றே. தமிழில் 'கடந்ததைக் கண்டேன்', 'கடந்துகொண்டிருந்ததைக் கண்டேன்', 'கடந்துவிட்டான் என்று உணர்ந்தேன்' எனப் பிரித்துரைக்க வழியுண்டு. மூன்றற்கும் 'காண்' என்ற ஒன்றையே பெய்து மொழிபெயர்ப்பின் அளவை வேறுபாடு மறைந்துவிடும்.

காலம் எழுவாயாதல்

வரலாற்று எழுத்தில் ஆண்டோ நூற்றாண்டோ நகரமோ 'சீ' என்பதன் எழுவாயாக வருவதுண்டு. '1943 வங்கத்தில் பெரும்பஞ்சத்தைக் கண்டது' என்பது போன்ற வாக்கியம் ஆங்கில நடையில் இயல்பானது. நிகழ்களமே எழுவாயாகும் இத்தகைய தொடரைக் கள எழுவாய்த்தொடர் என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கியவர் ரொனால்ட் லேங்கக்கர். இதனைச் செயப்பாட்டு வினையாக மாற்ற இயலாது என்பதும் அவர் விளக்கத்துள் அடங்கும். ஆண்டு உண்மையில் எதனையும் காண்பதில்லையாதலின் இங்குக் காண்போரும் இல்லை, காட்சியும் இல்லை.

இது வெறும் அணிநலம் எனக் கடந்துபோக இயலாது. பஞ்சம் ஆண்டின் கண்முன் தானே தோன்றிய காட்சியாக எழுதப்படும்போது, உணவுப் பகிர்வில் நேர்ந்த பிழையும் போர்க்கால ஆட்சியாளரின் முடிவுகளும் வாக்கியத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. காணும் வினை, செய்தோரின் இடத்தை மறைக்கும் திரையாகின்றது. இவ்வமைப்பு தமிழ் உரைநடையிலும் புகுந்துள்ளது. 'வெற்றி கண்டான்' என்னும் தமிழ் வழக்கில் எழுவாய் உணர்வுடைய ஒருவன். 'நூற்றாண்டு போர்களைக் கண்டது' என்பதில் அவ்வாறன்று.

மேற்கோளில் காண்டல்

ஆய்வெழுத்தில் 'சீ' ஓர் ஏவலாகவும் வரும். நம் அலுவலக ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் 'வைடி' என்பது 'காண்க' எனப் பொருள்படும் இலத்தீன் ஏவல். அகராதிகளிலும் ஆய்விதழ்களிலும் நாம் ஆளும் 'காண்க' என்பதும் அதே பணியைச் செய்கின்றது. ஒப்பிடுக எனப் பொருள்படும் குறியீட்டைக் 'காண்க' என்னும் பொருளில் வழங்கலாகாது எனச் சிகாகோ நடைக் கையேடு எச்சரிக்கின்றது. இவ்வாறு ஏவுவோர் வாசகரிடம் அளிக்கும் உறுதி யாது என்பதே வினா.

இதற்குத் தெளிவான விடை அமெரிக்கச் சட்ட எழுத்தில் உண்டு. 1926 முதல் வெளிவரும் புளூபுக் என்னும் மேற்கோள் விதிநூலின்படி, ஒரு கூற்றைத் தீர்ப்பு நேரடியாகச் சொல்லியிருப்பின் முன்னொட்டுக் குறி எதுவும் வேண்டுவதில்லை. நேரடியாகச் சொல்லாமல், அதிலிருந்து தெளிவாகப் பெறப்படும்போதே 'சீ' இடவேண்டும். சான்றுக்கும் கூற்றுக்கும் இடையில் ஒரு கருதற்படி உண்டு என்பதன் அடையாளம் அது. 1996இல் வந்த 16ஆம் பதிப்பு இவ்விரண்டையும் 'சீ' என்பதனுள்ளேயே அடக்கியது. சட்டப் பேராசிரியர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. 2000இல் வந்த 17ஆம் பதிப்பு பழைய வேறுபாட்டை மீட்டது.

ஒரு சிறுசொல்லுக்காக ஏன் இத்துணை வழக்கு? சான்று சொல்லியதையும் எழுதுவோர் கருதியதையும் வாசகர் பிரித்தறிய உதவும் வேலி அதுவே. வேலி நீங்கின் இரண்டும் ஒன்றாகிவிடும். காண்டலின் பெயர் பூண்ட சொல் கருதலுக்கு அடையாளமாக நிற்பது முரணே. எனினும் விதியாக அறிவிக்கப்பட்டமையால் அம்முரண் எவரையும் ஏமாற்றுவதில்லை. பிற துறை எழுத்துகளில் இத்தகைய அறிவிப்பு இல்லை. இலக்கியத் திறனாய்வில் 'நாம் இங்குக் காண்கின்றோம்', 'மேலே கண்டவாறு' என்னும் பொருள்பட வரும் ஆங்கிலத் தொடர்கள், எழுதியவரின் முடிவுக்கு வாசகரையும் உடன் சாட்சியாக்குகின்றன. வாசகர் கண்டது எழுதியவரின் வாதத்தையேயன்றி மெய்ம்மையை அன்று.

தேய்ந்துபோன உருவகத்தில் இத்துணை நுணுக்கம் தேடுவது மிகை எனச் சிலர் கூறலாம். அன்றாட உரையாடலில் அது பொருந்தும். 'புரிகிறது' எனப் பொருள்பட 'ஐ சீ' என்பதால் எவர்க்கும் இழப்பில்லை. சான்றே வழக்கிடும் பொருளாக உள்ள இடத்தில் சான்றின் வகையை மறைக்கும் சொல் பிழைக்கு வழிசெய்யும்.

முடிவுரை

தமிழாய்வு இதனால் பெறத்தக்கன இரண்டு. ஆங்கில ஆய்வுநூலை மொழிபெயர்ப்போர் 'சீ' என்பதற்கு அகராதி தரும் முதற்பொருளை நாடாது, தொடரமைப்பை நோக்கிக் 'கண்டனர்', 'உணர்ந்தனர்', 'இதனாற் பெறப்படும்' எனப் பிரித்து எழுதுதல் வேண்டும். அடுத்து, நம் ஆய்வேடுகளில் பத்திதோறும் வரும் 'காணமுடிகிறது' என்னும் முடிபைப் பற்றியது. ஒரு பாடலில் ஒரு சொல் உள்ளது என்பது காண்டல். அச்சொல்லால் அக்காலச் சமூகம் இன்னவாறு இருந்தது என்பது கருதல். இரண்டற்கும் ஒரே முடிபை எழுதின், எதனை ஏற்பது, எதனை ஆராய்வது என அறியாது வாசகர் இடர்ப்படுவர். கண்டதைக் கண்டதாகவும் கருதியதைக் கருதியதாகவும் எழுதுதற்குரிய சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அவற்றை உரிய இடத்தில் ஆளுதலே செய்யவேண்டிய பணி.