நாற்பது சதவீத மேகம் என்றால் எந்த நாற்பது?

சனிக்கிழமை இரவு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைப் பக்கம் போகலாமா என்று வானிலைச் செயலியைத் திறந்தால், ‘மேகம் 40%’ என்கிறது. வானம் மூட நாற்பது சதவீத வாய்ப்பு என்று பலரும் இதைப் படித்துவிடுகிறார்கள். அது வாய்ப்புக் கணக்கே இல்லை. ஒரு பெரிய சதுரத்துக்கு மேலே உள்ள வானத்தில் எவ்வளவு பங்கு மூடியிருக்கும் என்ற மதிப்பீடு. எந்தப் பங்கு என்று கேட்டால் கணினிக்குப் பதில் தெரியாது.

பூமியின் மேல் கட்டம் போட்ட லுங்கியை விரித்து, கட்டத்துக்கு ஒரு எண் எழுதினால் எப்படியோ அப்படித்தான் இந்தத் தரவு. அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்ற கணினி வானிலை மாடல் கால் டிகிரிக் கட்டங்களில் கிடைக்கிறது. நம் பக்கம் ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கி.மீ. நீளம், 27 கி.மீ. அகலம். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலில் சுமார் 9 கி.மீ. செல்பேசித் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் உங்கள் தெரு தெரியும். வானிலை கூடுதலாக ஒன்றும் தெரியாது. கட்டங்களுக்கு இடையே செயலி வண்ணத்தைக் குழைத்துப் பூசியிருக்கிறது, அவ்வளவுதான். வானம் பார்ப்பவர்களுக்கென்றே உள்ள செவன்டைமர் அட்டவணையும் ஜி.எஃப்.எஸ். கட்டங்களிலிருந்து பிழிந்தெடுத்ததுதான்.

ஆகவே உங்கள் கட்டத்தின் எண்ணோடு நிறுத்தாமல் அக்கம்பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள். சுற்றிலும் 40 என்றால் சிதறிய மேகம். மேற்கே பூஜ்யம், கிழக்கே 90, நடுவில் நீங்கள் என்றால் ஒரு மேகக் கரை உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று அடுத்தடுத்த மணிகளைத் தள்ளிப் பாருங்கள். எந்தத் திசை வானத்தை முதலில் பார்த்து முடிக்க வேண்டும் என்ற திட்டமே அதிலிருந்து பிறக்கும். எனக்கு இந்த விளையாட்டில் கிடைக்கும் ருசி, சில இரவுகளில் தொலைநோக்கி தருவதற்குக் குறைந்ததல்ல.

அடுத்து, மொத்த மேக அளவை ஓரம் வைத்துவிட்டு தாழ், இடை, உயர் என்று மூன்று அடுக்குகளையும் தனித்தனியே திறக்க வேண்டும். ஒரே நாற்பது மூன்று அடுக்கிலும் மூன்று விதம். பகல் வெயிலில் எழும் திரள் மேகங்கள் தாழ் அடுக்கில் இருக்கும். சூரியன் சாய்ந்ததும் பெரும்பாலும் கரைந்துவிடும், மாலை எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உயர் அடுக்கின் கீற்று மேகம் வேறு சாதி. வங்கக் கடலில் எங்கோ தூரத்தில் ஒரு தாழ்வு மண்டலம் சுழன்றால் அதன் உச்சியிலிருந்து பிரிந்து இங்கே வந்து படரும். எண் 100 என்று காட்டும், ஆனால் அதனூடே வியாழன் பளிச்சென்று தெரியும். நிலா, கோள் பார்க்கக் கிளம்பலாம். ஆண்ட்ரோமெடா போன்ற மங்கலானவற்றுக்கு அன்று நம்பிக்கை வைக்காதீர்கள். இடை அடுக்கு நிறைந்திருந்தால் வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ள காவலூர் 725 மீட்டர் உயரம். ஆனால் 27 கி.மீ. கட்டத்துக்குள் அடிவாரச் சமவெளியும் அடங்குவதால், மாடலின் மலை சராசரியில் தேய்ந்து குட்டையாகிவிடும். 300 மீட்டர் குட்டை என்று வைத்துக்கொண்டால், உண்மையான வெப்பநிலை செயலி காட்டும் எண்ணைவிட ஏறக்குறைய 2 டிகிரி குறைவாக இருக்கும். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி இடைவெளி என்று செயலி காட்டினால், மலைமேல் அது 1 டிகிரியாகச் சுருங்கிப்போகலாம். லென்ஸ் நனையும்; விடியலில் மூடுபனியும் சேரலாம்.

நட்சத்திரம் நடுங்காமல் நிற்குமா என்பதற்கு, சுமார் 12 கி.மீ. உயரக் காற்றின் வேகத்தைப் பார்ப்பது வழக்கம்; வேகம் கூடினால் நடுக்கமும் கூடும். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் ஓடும் ஜெட் காற்று நம்மைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் நமக்கென்று ஒரு கிழக்கு ஜெட் காற்று உண்டு. 1958-இல் அதை விவரித்தவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். ஆனால் மொட்டைமாடிக் காங்கிரீட் கக்கி நட்சத்திரத்தை நடுங்கவைக்கும் சூட்டை எந்த மாடலும் அறியாது. அதற்கு இரவு பத்து மணிவரை பொறுத்திருப்பதுதான் வழி.

ஜி.எஃப்.எஸ். ஒரு நாளில் நான்கு முறை ஓடுகிறது: நம் நேரப்படி காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 நிலவரங்களை வைத்து. முடிவு கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். ஒரே இரவைப் பற்றி அடுத்தடுத்த மூன்று ஓட்டங்கள் ஒரே பேச்சு பேசினால் வண்டியை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொன்னால், கடைசியாகச் சொன்னதை மட்டும் நம்புவது ஆசை.

கிளம்பும் வேளையில் மாடலை மூடிவிட்டு இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்களுக்கு வாருங்கள். அங்கும் ஒரு கண்ணி உண்டு. தாழ்ந்த மேகத்தின் உச்சியும் இரவுத் தரையும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில் இருப்பதால், மலையை மூடிய பனி அந்தப் படத்தில் விழாமல் போகலாம். அதற்கு மலைமேல் இருக்கும் டீக்கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது செயற்கைக்கோளைவிட மேல்.