இதயத்தின் வழக்கு: ஐரோப்பியச் சிந்தனைத் துளிகள்

காதல், மேதைமை, மனித ஆத்மாவின் இயல்பு ஆகிய பெரும் பொருள்களை ஓரிரு வாக்கியங்களுக்குள் அடக்கிச் சொல்ல முயன்ற ஒரு மரபு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் தழைத்து, பின்னர் ஜெர்மனிக்கும் பரவியது. அம்மரபினரின் வாசகங்கள் இன்று நாட்காட்டித் தாள்களில் உபதேச மொழிகளாக அச்சாகின்றன. ஆனால் எழுதப்பட்ட காலத்தில் அவை, மனிதனை ஆள்வது இதயமா, புத்தியா, தன்னலமா என்னும் தீராத வழக்கின் வாதப் பிரதிவாதங்களாகவே விளங்கின.

வழக்கைத் தொடுத்தவர் லா ரோஷ்பூக்கோ பிரபு. அரசாங்கத்துக்கு எதிரான பிரபுக்களின் கலகத்தில் சேர்ந்து, 1652-இல் பாரிஸ் வாயிலில் நடந்த போரில் முகத்தில் குண்டடிபட்டுப் பார்வையையே இழக்கும் நிலைக்கு வந்த அவர், அரசியல் ஆசைகள் அடங்கிய பின், சாப்லே சீமாட்டியின் இல்லத்தில் கூடிய நண்பர்களோடு வாக்கியங்களைச் செதுக்குவதையே தொழிலாகக் கொண்டார். வீரம், நட்பு, காதல் என்று நாம் போற்றும் யாவற்றின் அடியிலும் தன்னலமே ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. 1665-இல் வெளிவந்த அவர் வாசகத் தொகுப்பின் முதற்பதிப்புத் தொடக்கத்தில் நின்ற, தன்னலத்தைப் பற்றிய மிக நீண்ட வருணனையை அடுத்த பதிப்பிலேயே அவர் நீக்கிவிட்டார். தம் கொள்கைக்கே ஆதாரமான பகுதியையும், அது நீண்டு விட்டதென்றால் விட்டுக்கொடுக்கும் அந்தக் கண்டிப்பே, 1678-ஆம் ஆண்டுப் பதிப்பின் 504 வாசகங்களுக்கும் கூர்மை தந்தது எனலாம்.

அவர் காலத்தவரான பாஸ்கலின் கதை வேறு. இளமையிலேயே கணக்கிடும் யந்திரம் ஒன்றைச் சமைத்த அந்தக் கணித மேதை, 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவில் தமக்கு நேர்ந்த தெய்வீக அனுபவத்தை ஒரு தாளில் எழுதித் தம் அங்கியின் உட்துணியில் தைத்து வைத்திருந்தார். 1662-இல், முப்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமான பிறகே அது பிறர் கண்ணில் பட்டது. சமயத்தை ஆதரித்து அவர் எழுத நினைத்த பெருநூல் முற்றுப்பெறவில்லை. அதற்கென எழுதி, கத்தரித்து, கட்டுக் கட்டாகக் கோத்து வைத்த குறிப்புகளே 1670-இல் நூலாயின. தர்க்கத்தின் வலிமையை நன்கறிந்த ஒருவரே அதன் எல்லையையும் வகுத்து, புத்தி எட்டாத இடத்தில் இதயத்துக்குத் தனி அறிவுண்டு என்று சாட்சி சொன்னது இவ்வழக்கின் பெரும் திருப்பம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வோவனார்க் அந்தச் சாட்சியத்தைச் சமயத்திலிருந்து உலகியலுக்குக் கொணர்ந்தார். 1742-இல் பிராகிலிருந்து பின்வாங்கிய பிரெஞ்சுப் படையோடு பனியில் நடந்து கால்கள் கெட்டு, சேனையை விட்டு விலக நேர்ந்த அந்த வறிய இளைஞர், மேலான எண்ணங்களின் ஊற்று இதயமே என்று வாதித்தார். தம் நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1747-இல், மறைந்தார்.

கோட்டிங்கனின் பௌதிகப் பேராசிரியர் லிக்டென்பெர்க் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆங்கில வணிகர்கள் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை வந்தபடி எழுதிவைக்கும் சிட்டையைப் போலவே தம் குறிப்பேடுகளையும் வைத்துக்கொண்டு, கனவு, மின்சாரம், புத்தகப் பித்து, காதல் எல்லாவற்றையும் கலந்தே எழுதினார். ஆனால் அவ்வணிகர்களைப் போல் பின்னர் அவற்றை ஒழுங்குபடுத்திப் பேரேட்டில் ஏற்றவேயில்லை. அவை அச்சேறியதும் 1799-இல் அவர் இறந்த பின்னர்தான்.

காதலை மட்டும் தனியே எடுத்து விசாரித்தவர் ஸ்டெந்தால். சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தில் எறியப்பட்ட இலையற்ற கிளை, சில மாதங்களில் பளிங்குப் படிகங்களால் மூடப்பட்டு அடையாளம் தெரியாமல் மாறுவதைக் காட்டி, காதலிக்குக் காதலன் மனம் பூட்டும் அணிகளும் அத்தகையவையே என்றார். மிலானில் ஒரு பெண்மணியிடம் கொண்ட, ஈடேறாத காதலிலிருந்து பிறந்து 1822-இல் வெளியான, காதலைப் பற்றிய அவர் நூல் அக்காலத்தில் விலைபோகவில்லை.

இவர்களுள் என் தீர்ப்பு பாஸ்கலுக்கும் வோவனார்க்குக்குமே சார்பாகும். ஏனெனில், தன்னலத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிடும் லா ரோஷ்பூக்கோவால், புகழுக்கோ பொருளுக்கோ வழியில்லாத நிலையிலும் எழுதிக்கொண்டேயிருந்த வோவனார்க் போன்ற ஒரு நோயாளியின் ஊக்கத்தை விளக்க முடிவதில்லை. ஆயினும், லா ரோஷ்பூக்கோவைப் படிக்காமல் மற்ற இருவரின் மறுமொழி விளங்காது. ஆகையால் வாசகர்கள் இவர்களை உதிரி வாசகங்களாகப் பொறுக்காமல், லா ரோஷ்பூக்கோவில் தொடங்கி, வரிசையாகவும் முழுமையாகவும் படிக்க வேண்டும்.