மனைவி, தங்கை – அவ்வளவுதானா?

வைக்கம் போராட்டத்தைப் புகழும் நூல்கள் பலவற்றில் நாகம்மையார் 'பெரியாரின் மனைவி'. கண்ணம்மாள் 'பெரியாரின் தங்கை'. அத்துடன் முடிந்தது செய்தி! 1924இல், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது என்றது திருவாங்கூர். அத்தடை தம்மைத் தீண்டாதபோதும், ஈரோட்டிலிருந்து சென்று களம் புகுந்தனர் இவ்விருவரும், பெண்களைத் திரட்டினர். உறவுமுறையா அவர்களை அங்கே நிறுத்தியது? கொள்கையன்றோ எனக் கேட்கிறோம்.

எங்கோ நடந்த கதையெனக் காரைக்குடி இளைஞர் எண்ணவேண்டா. அன்றைய நம் இராமநாதபுரம் மாவட்டத்திலே, 1930இல், ஆதிதிராவிடப் பெண்கள் மேலாடை அணியலாகாது, பொன்னகை பூணலாகாது என ஆதிக்கச் சாதியினர் கட்டளையிட்டனர். சாதி தன் எல்லையைப் பெண்ணுடலிலும் வரைகிறது. அந்த எல்லையைத் தாண்டிய பெண்களை உறவுப்பெயருக்குள் அடைக்கும் நூலை முழு வரலாறென நாம் ஏற்கோம்!