யாரக் குத்தஞ் சொல்ல?

துட்டி வீடுகளில் காதில் விழுகிற ஒரு வாக்கியம்: ‘யாரக் குத்தஞ் சொல்லி என்னாகப் போகுது?’ கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த நான் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களில் ஒருத்தி உயிரோடு திரும்பாத நாளில் சொல்லப்படுவது அது. நாம் இதை ‘விதிவாதம்’ என்று ஒதுக்கிவிடுவோம். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். அது அவசர வாசிப்பு என்று இப்போது படுகிறது.

காவல் நிலையத்தில் வேறொரு வாக்கியம் இருக்கிறது: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. எழுவாய்க்காகக் காத்திருக்கும் பயனிலை இது. டிரைவர் பெயரைப் போட்டால் பிரதி முடிந்தது. பழைய 304ஏ பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) ஆனது. உச்சபட்சச் சிறை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. அச்சு மட்டும் அதே அச்சு. வளைவு, தூக்கமின்மை, வண்டிக் கடன், நேரத்துக்கு ஆள் வந்து சேர வேண்டும் என்ற தோட்டத்தின் நிர்ப்பந்தம் எதுவும் அதற்குள் நுழைய முடியாது.

இந்த இரண்டு வாக்கியங்களும் மோதிக்கொள்வதை ஒரு முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். தாயை ஜீப் விபத்தில் இழந்த பெண்ணுக்கு இழப்பீட்டு மனு எழுத உதவப் போயிருந்தேன். டிரைவரும் அதே விபத்தில் இறந்திருந்தார். வாசித்துக் காட்டியதும் அவள் சொன்னாள்: ‘அண்ணே, அஜாக்கிரதைங்கிறத எடுத்துருங்க. அந்த மாமாவும் எங்க தெருதான்.’

எடுத்தால் என்ன ஆகும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில், யார் தவறு என்று நிறுவாமலே சாவுக்கு 5 லட்ச ரூபாய் கேட்கலாம். 1982 திருத்தத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட கொள்கை இது. தொகைதான் காலத்துக்குக் காலம் மாறியது. உண்மையான இழப்பைக் கணக்கிட்டு முழுசாகக் கேட்க வேண்டுமானால் 166ஆம் பிரிவு. அங்கே கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். கொடுக்க வேண்டியது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவியோ செத்தவர் மேல் போடும் பழி. பழிக்க மறுப்பதற்கு ஏழைகள் ரூபாயில் விலை கொடுக்கிறார்கள். இதையா விதிவாதம் என்றோம்?

சாலையையும் குற்றம் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019 திருத்தம் கொண்டுவந்த 198ஏ, வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களை மீறிச் சாவுக்குக் காரணமாகும் ஒப்பந்தக்காரரையும் அதிகாரியையும் பொறுப்பாக்குகிறது. உச்சபட்சம் 1 லட்ச ரூபாய் அபராதம். டிரைவருக்கு ஜெயில், சாலைக்கு அபராதம்.

2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. விழுந்த இடம்தான் என்னை விடாமல் உறுத்துகிறது: முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய். அந்தத் தண்ணீருக்காக உச்சநீதிமன்றம் வரை போனோம். 2014இல் 142 அடி என்று தீர்ப்பு வாங்கினோம். அடிக்கு அடி கணக்குக் கேட்ட நாம், அதே சரிவில் தினமும் ஏறி இறங்கும் ஆட்களுக்காக என்ன கணக்குக் கேட்டோம்?

குற்றம் தனிநபருக்குரியது, பொறுப்பு கூட்டானது என்று பிரித்துக் காட்டினார் ஹன்னா ஆரெண்ட். எல்லோரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடும் என்பது அவர் எச்சரிக்கை. துட்டி வீட்டு வாக்கியத்தை இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். அது டிரைவர் மேல் குற்றத்தைச் சுமத்த மறுக்கிறது. பொறுப்பைத் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் அதே வாக்கியத்தைத் தோட்ட முதலாளியோ பொறியாளரோ இரவல் வாங்கி, ‘யாரக் குத்தஞ் சொல்ல, நடந்தது நடந்துபோச்சு’ என்றால் அது வேறு பிரதி. பெருந்தன்மை அங்கே தப்பிக்கும் வழியாகிறது. மன்னிக்கும் உரிமை இழந்தவளுக்கு. அதை அவள் சார்பில் அரசோ முதலாளியோ நாமோ எடுத்துக்கொள்ள முடியாது.

மனுவுக்கு வருகிறேன். தொகை வித்தியாசத்தைச் சொன்னேன். அவளுக்குப் படிக்கிற தம்பி இருந்தான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எழுதிக்கங்கண்ணே. அத்தைகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்’ என்றாள். டிரைவரின் மனைவி நாலு வீடு தள்ளி இருந்தார். அந்த வார்த்தையை எழுதியது என் கைதான்.